சராசரியும் மிச்சமும்

கதை எழுதுகிறவனுக்குப் புள்ளிவிவரத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஆயிரம் பேரைப் பார்த்துவிட்டு எதைச் சொல்வது, எதை விடுவது என்று திண்டாடுவதில் இரண்டு தொழிலுக்கும் உறவு உண்டு.

தேசப்படத்தில் சிதறிக் கிடக்கும் எண்களுக்கு, மழையளவோ மரணக் கணக்கோ, நிபுணர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இடத்தையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் அகப்படும் எண்களுக்குச் சராசரி பார்ப்பார்கள். கிட்ட இருப்பதற்கு மதிப்பு அதிகம், எட்ட இருப்பதற்குக் குறைவு. தச்சன் இழைப்புளி போட்டதுபோல மேடுபள்ளம் மறைந்து ஒரு பொதுப் போக்கு தெரியும். உண்மை எண்ணிலிருந்து அந்தப் போக்கைக் கழித்தால் நிற்பது மிச்சம். அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவது எளிது.

வட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? அதை இயற்கை வந்து சொல்வதில்லை. கணக்குப் போடுகிறவர்தாம் தீர்மானிக்கிறார். என் சங்கடம் இங்கேதான்.

லண்டனில் 1849-ல் காலரா வந்து ஓய்ந்தபின், மரணக் கணக்குகளை ஆராய்ந்த வில்லியம் ஃபார், நகரின் பகுதிகளைத் தேம்ஸ் நதிக்கு மேல் அவை இருந்த உயரப்படி அடுக்கிப் பார்த்தார். தாழ்ந்த இடங்களில் சாவு அதிகம். மேலே போகப்போகக் குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு அழகான போக்கு! கெட்ட காற்றே நோயைத் தருகிறது என்ற அக்கால நம்பிக்கைக்கு, 1852-ல் வெளிவந்த அந்தக் கணக்கு பெரிய பலமாயிற்று. எண்களில் பொய் இல்லை. தாழ்ந்த பகுதிகளில் பலர் குடித்தது சாக்கடை கலந்த நதித் தண்ணீர் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

1854-ல் ஸோஹோ பகுதியில் மறுபடி காலரா. பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றிச் சாவு குவிந்தது. டாக்டர் ஜான் ஸ்னோ விசாரிக்கப் புறப்பட்டார். பக்கத்திலேயே 535 பேர் இருந்த ஏழைகள் விடுதியில் இறந்தவர்கள் 5 பேர்தான். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் பீர் ஆலையில் வேலை செய்த 70-க்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் காலராவில் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீர். (மதுவிலக்கு அன்பர்கள் மன்னிக்க வேண்டும்.) தொலைவில், ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் ஒரு விதவை மட்டும் இறந்துபோனாள். விசாரித்தால், பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்து, அதை வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்திருக்கிறாள்!

வட்டத்தை அகலமாகப் போட்டிருந்தால் விடுதியும் ஆலையும் அக்கம்பக்கத்துச் சாவுகளோடு கலந்திருக்கும். அந்த அம்மாள் ஹாம்ப்ஸ்டெட்டின் ஆரோக்கியத்தில் கரைந்திருப்பாள். நோய் வந்த வழியைக் காட்டியவர்களோ இவர்கள்தாம்.

இதனால் இழைக்கவே கூடாது என்று நான் வாதாடவில்லை. ஒரு சிற்றூரில் போன வருஷம் ஒருவர் இறந்தார், இந்த வருஷம் மூன்று பேர் என்றால், நோய் மும்மடங்காகிவிட்டது என்று கூவுகிறவன் ஊரைக் கலவரப்படுத்துவான். அங்கே சராசரிதான் புத்தி சொல்லும். ஆனால் கழித்ததைக் குப்பையில் போடாமல், அதையும் ஒரு படமாக வரைந்து, துருத்திக்கொண்டு நிற்கும் வீட்டுக்கு யாராவது நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அந்த மிச்சத்துக்குள் குடியிருப்பவர்கள் மனிதர்கள் அல்லவா?

1866-ல் கிழக்கு லண்டனில் காலரா வந்தபோது, எந்தக் கம்பெனித் தண்ணீர் எந்தப் பகுதிக்குப் போகிறது என்றே ஃபார் முதலில் பார்த்தார். ஸ்னோ காலமாகி அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது.