கட்டளையும் ஐயமும்

அப்புத்தளை மலைமுகட்டில் நின்று நோக்குவார்க்கு ஒருபுறம் தேயிலைச் சரிவுகளும் மறுபுறம் தியத்தலாவையின் புல்வெளிகளும் தோன்றும். போயர் யுத்தக் கைதிகள் 1900இல் சிறைவைக்கப்பட்ட அத்தியத்தலாவையிலேயே இலங்கை இராணுவக் கல்விக்கழகம் அமைந்துள்ளது. 1950இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய அது 1981இல் இப்பெயரைப் பெற்றது. அதே ஆண்டுச் சட்டத்தினால் இரத்மலானையில் கொத்தலாவல பாதுகாப்புக் கல்விக்கழகம் தோன்றிப் பின்னர் பல்கலைக்கழகமாயிற்று. இந்தியாவிலோ, கடக்வாசலாவின் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் மூன்றாண்டு பயில்வோருக்கு ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் விஞ்ஞானமாணிப் பட்டம் வழங்குகின்றது.

இங்கே ஓர் அறவினா எழுகின்றது. பௌதிக விஞ்ஞானத்தின் உயிர்நாடி ஐயம். இராணுவத்தின் உயிர்நாடி கட்டளைக்கு அடங்குதல். ஆசிரியர் கூறினார் என்பதற்காக மட்டும் ஒரு விதியை ஏற்பவன் விஞ்ஞானியாகான். தனக்கு விளங்கும்வரை அசையமாட்டேன் என்பவன் போர்வீரனாகான். இவ்விரு பண்புகளும் ஓருள்ளத்தில் ஒருங்கே வளருமா?

வளராது என்பார்க்கு வரலாறு மறுப்புக் கூறும். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பயின்று 1873இல் வெளியேறிய மைக்கல்சன், ஆசிரியராக அங்கு மீண்டு, 1879இல் ஒளியின் வேகத்தை அதுவரை கண்டிராத நுட்பத்துடன் அளந்தார். 1907இல் நோபல் பரிசும் பெற்றார். வெப்ப இயக்கவியலுக்கு 1824இல் வித்திட்ட சாடி கார்னோ பிரெஞ்சு இராணுவப் பொறியியல் அதிகாரியாயிருந்தவர். ஆகவே, சீருடை சிந்தனையைக் கொல்லும் என்பது மெய்யன்று.

ஆயினும் வினா இத்துடன் தீர்ந்துவிடவில்லை. மைக்கல்சன் ஆராய்ந்தது ஒளியை, கட்டளையை அன்று. எறிகணை எவ்விடத்தில் வீழும் என்பதைப் பௌதிகம் கூறும். அதனை எறிதல் தகுமா என்பதைக் கூறாது. ‘எவ்வாறு’ என்பதில் கூர்மையுற்ற அறிவு ‘எதற்காக’ என்பதில் மௌனம் சாதிக்குமாயின், கற்றவன் கருவியாகிவிடுவான். இக்குறை பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு. அணுகுண்டை ஆக்கியோருள் மிகப் பலர் பல்கலைக்கழகத்தாரே. செருமனி அக்குண்டைச் செய்யாது என்பது தெளிவானதும் 1944இல் அம்முயற்சியிலிருந்து விலகிய ஜோசப் ரோட்பிளாட் அரிய விதிவிலக்கு.

அடங்குதலுக்கும் எல்லையுண்டு. மேலதிகாரியின் கட்டளை என்பது ஒன்றே குற்றத்தைப் போக்காது என்பதை நியூரெம்பேர்க் தீர்ப்பு 1946இல் நிலைநாட்டியது. ஆகவே ஐயுறும் கடமை போர்வீரனுக்கும் உரியதே.

அப்புத்தளைத் தோட்டத்து இளைஞனுக்கு இவ்வினா வெறும் தத்துவமன்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட சமூகத்தின் வழித்தோன்றல் அவன். எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே கிட்டியது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் நினைவும் அவன்முன் நிற்கின்றது. பட்டமும் நிலையான ஊதியமும் ஒருங்கே தரும் வாயிலை அவன் நோக்குங்கால், “போகாதே” என்பது வசதியுள்ளோர்க்கு எளிது. வேறு வாயில்களைத் திறந்துவிடாத சமூகத்துக்கு அவன் தெரிவைப் பழிக்கும் உரிமை இல்லை. ஆனால் அத்தெரிவு குறித்துத் தன்னைத்தானே வினவும் உரிமை அவனிடமிருந்து பறிக்கப்படலாகாது.

இத்தகைய பட்டத்தின் தகுதியை அறிய ஓர் உரைகல் உண்டு. மேலதிகாரியின் கணிப்புப் பிழையாயின், “ஐயா, இது பிழை” என்று பயில்பவன் கூறலாமா? கணிப்பில் அதனைக் கூறிப் பழகிய நாவே, நீதியற்ற கட்டளையின் முன்னும் அதனைக் கூறத் துணியும். அத்துணிவைத் தருமாயின் அது கல்வி. தராதாயின், குறி தவறாமைக்கான பயிற்சி மட்டுமே.