எவ்வளவுக்கு எடுத்தீங்க?

அந்த அக்கா என்னைத் திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். லெலோங்கில் எடுத்த வீட்டுக்கு முதல் தடவை தனியாகப் போகாதே, உள்ளே இருப்பவர்கள் எந்த மனநிலையில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது என்று இந்தத் தொழிலில் எனக்கு முன்னே இறங்கிய நண்பன் எச்சரித்திருந்தான். திட்டு எதுவும் விழவில்லை. கிரில் கதவுக்குப் பின்னால் நின்றபடி அவர் ஒன்றுதான் கேட்டார்.

"எவ்வளவுக்கு எடுத்தீங்க தம்பி?"

121,500 வெள்ளி என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் நின்றார். பிறகு, "அப்ப இன்னும் பதினாறாயிரத்து ஐந்நூறு என் தலையில நிக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, உட்காருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்.

அவர் எதைக் கணக்குப் போட்டார் என்பது அன்று இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கிள்ளானில், ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி வீடு அது. கடன் கட்ட முடியாமல் போக, வங்கி நீதிமன்றத்துக்குப் போய் ஏல உத்தரவு வாங்கியிருந்தது. முதல் ஏலத்தில் அடிப்படை விலை 150,000 வெள்ளி. யாரும் கேட்கவில்லை. ஆள் வராவிட்டால் அடுத்த ஏலத்தில் 10 விழுக்காடு குறைப்பார்கள். இரண்டாவது ஏலத்தில் 135,000. அதற்கும் யாரும் வரவில்லை. மூன்றாவதில் 121,500. அன்று கை தூக்கியது நான் ஒருவன்தான்.

முதல் ஏலத்திலிருந்தே அந்த வீட்டின் மேல் எனக்கு ஒரு கண். நண்பன்தான் தடுத்தான். "அவசரப்படாதே லா. மூணாவது லெலோங் வரைக்கும் விடு. சும்மா இருக்கிறதுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே தொழில் இது." அவன் சொன்னபடி சும்மா இருந்தேன். விலை இறங்கியது. 28,500 வெள்ளி மிச்சம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அக்கா வங்கிக்குக் கட்ட வேண்டியிருந்தது 138,000. வீடு ஏலத்தில் போனால் கடன் தீர்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஏலப் பணம் கடனுக்குப் போதவில்லை என்றால் மீதியைக் கடன் வாங்கியவர்தான் கட்ட வேண்டும். கடன் போகப் பணம் மிஞ்சினால் அது அவருக்குச் சேரும். அந்த வீடு 150,000க்குப் போயிருந்தால் அவர் கடன் முடிந்து கையில் கொஞ்சம் நின்றிருக்கும். 135,000 என்றால் 3,000 பாக்கி. 121,500க்குப் போனதால் 16,500 பாக்கி, வட்டியும் ஏலச் செலவும் தனி. நான் மிச்சம் என்று எழுதிவைத்த பணத்தின் பெரும்பகுதி அவர் கணக்கில் கடனாக ஏறியிருந்தது. அவர் கேட்டது விலையை அல்ல. தன் பாக்கியைத்தான் கேட்டிருக்கிறார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் எதற்கும் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. "உங்க பாட்டியை எஸ்டேட்ல இருந்து கிளப்பினவனும் சட்டப்படி வாங்கினவன்தான்" என்றார்.

தோட்டத் துண்டாடல் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசித்தவைதான். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. பணம் வைத்திருந்தவர்கள் சேர்ந்து அவற்றை மொத்தமாக வாங்கினார்கள், துண்டு துண்டாகப் பிரித்தார்கள், சிறு முதலாளிகளுக்கு லாபம் வைத்து விற்றார்கள். சில ஏக்கர் வாங்கியவனுக்குத் தோட்டம் நிறைய ஆள் எதற்கு? வேலை போனது. வேலையோடு லயத்து வீடும் போனது. 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்குப் பதிலாகத்தான். தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, தோட்டத்தைத் துண்டாக்காமல் வாங்குவது அதன் வழி. பாட்டியின் தோட்டத்துக்கு அது வந்து சேரவில்லை. வாங்கி, பிரித்து, விற்றுப் போன ஒருவரின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

அம்மாவின் ஒப்பீடு நியாயமில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அவர்கள் வாங்கியதால் பாட்டி வெளியேறினார். இங்கே அக்காவின் வீட்டைப் பறித்தது வங்கி, நான் அதற்குப் பிறகு வந்தவன். நான் வராமல் இருந்திருந்தால் நான்காவது ஏலம் 109,350இல் தொடங்கியிருக்கும். அவர் பாக்கி 28,650 ஆகியிருக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் அவருக்கு நான் 12,150 வெள்ளி மிச்சப்படுத்தியிருக்கிறேன்.

கணக்கு சரிதான். ஆனால் முதல் ஏலத்திலேயே கை தூக்கியிருந்தால் அவருக்குக் கடனே இருந்திருக்காது என்ற கணக்கும் சரிதான். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறேன் என்பதைப் பொறுத்து நான் உதவியவன் ஆகிறேன், இல்லையென்றால் உருவியவன் ஆகிறேன். தொடங்கும் இடத்தை எப்போதும் நானே தேர்வு செய்கிறேன் என்பதுதான் என்னை உறுத்தியது.

அக்காவிடம் 2,000 வெள்ளி கொடுத்து மூன்று வாரம் அவகாசம் தந்தேன். லெலோங் வீட்டில் ஆளைக் காலி செய்து கொடுக்கும் பொறுப்பை வங்கி ஏற்காது. இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில் எடுத்துக்கொள் என்பதுதான் நிபந்தனை. வழக்குப் போட்டால் இதைவிட அதிகம் செலவாகும், மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் அந்த 2,000ஐ இரக்கம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர் போகும்போது வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போயிருந்தார்.

அதன் பிறகு வேலை தொடங்கியது. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு மாதங்களும் எனக்குப் பிடித்திருந்தன. அலுவலகத்தில் நான் செய்யும் எதையும் தொட்டுப் பார்க்க முடியாது. இங்கே பழைய டைல்ஸை உடைத்தேன், சுவரைச் சுரண்டினேன், வயரிங் மாற்றும் அண்ணனுக்கு ஏணி பிடித்தேன். சாமி மேடை இருந்த மூலையில் விளக்குப் புகை சுவரில் ஏறியிருந்தது. அடிக்கிற வெள்ளையையும் மீறி அது மஞ்சளாகத் தெரிந்துகொண்டே இருந்தது. அதற்கென்று ஒரு அண்டர்கோட் இருக்கிறது, அதை முதலில் அடிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். பாழாய்க் கிடந்த ஒன்றைச் சரிசெய்து கூடுதல் விலைக்கு விற்பதில் தவறு இருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அது கூலி.

சிக்கல் குளியலறைக்குப் பக்கத்து அறையில் இருந்தது. மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து நீர் கசிந்து, அறையின் மேற்கூரை ஊதி உரிந்திருந்தது. இதைச் சரிசெய்ய மேல் வீட்டுத் தரையை உடைத்து வாட்டர்புரூஃபிங் போட வேண்டும். அடுக்குமாடிச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தால் 7 நாளில் வந்து பார்க்க வேண்டும், வேறு காரணம் என்று நிரூபிக்காத வரைக்கும் பிழை மேல் வீட்டில் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மேலே இருந்தவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள், உரிமையாளர் வேறு மாநிலத்தில். அதற்குள் எனக்கு வங்கி வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"3,500 வெள்ளி ஆகும் தம்பி, அதுவும் அவங்க விட்டாத்தான்" என்றார் வேலை செய்த அண்ணன். "இல்லாட்டி கீழே பிளாஸ்டர் சீலிங் அடிச்சிடலாம். லைட் போட்டா அழகாவும் இருக்கும். யாருக்கும் தெரியாது."

அடித்தோம். அழகாகத்தான் இருந்தது.

வாங்க வந்தவர்கள் கல்யாணமாகி ஒரு வருடம் ஆன தம்பதி. அந்தப் பெண் சீலிங்கைப் பார்த்து நல்லா இருக்கு என்றாள். கசிவு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதானே என்று அன்று எனக்குச் சமாதானம் இருந்தது.

இந்தச் சமாதானத்துக்கு இரண்டாயிரம் வயதுக்கு மேல் ஆகிறது என்று பிறகுதான் தெரிந்தது. ரோமானியரான சிசரோ, கி.மு. 44இல் ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் வீடு விற்கும் ஒருவன் வருகிறான். அறைகளில் பாம்பு வருகிறது, மரம் உளுத்துப்போயிருக்கிறது, அங்கே குடியிருந்தால் நோய் வரும். இதெல்லாம் விற்பவனுக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற ஸ்டோயிக் சிந்தனையாளர் தேவையில்லை என்கிறார். வாங்கு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பார்த்துத்தானே வாங்குகிறான்? அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் மறுக்கிறார். வழி தெரியாதவனுக்கு வழி காட்டாமல் விடுவதே குற்றம், இது தெரிந்தே தவறான வழியில் அனுப்புவது.

சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம் நிற்கிறார். அவர் காட்டும் வேறுபாடு எனக்கு முக்கியமாகப் பட்டது. பேசாமல் இருப்பதெல்லாம் மறைப்பது ஆகாது. எனக்குத் தெரிந்த ஒன்று உனக்குத் தெரியாமல் இருப்பதில் எனக்கு ஆதாயம் இருக்கிறது, அதற்காகவே உனக்குத் தெரியக்கூடாது என்று நான் விரும்பினால், அது மறைப்பது. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. அதன் 17ஆம் பிரிவு, வெறும் மௌனத்தைப் பொதுவாக மோசடி என்று கொள்வதில்லை. தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது.

நான் பேசாமல் மட்டும் இருந்துவிடவில்லை. என் மௌனத்துக்கு ஒரு சீலிங் கட்டி, அதில் விளக்கும் போட்டிருந்தேன்.

வீட்டை 198,000க்கு விற்றேன். வாங்கிய விலை, 24,000 வெள்ளிக்குச் செய்த வேலை, வழக்கறிஞர், முத்திரை வரி, பராமரிப்புப் பாக்கி, வட்டி, ஏஜெண்ட், அக்காவுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 165,000. லாபம் 33,000. மூன்று ஆண்டுக்குள் விற்றதால் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு என்ற விகிதத்தில் வரி. கழிவுகள் போக சுமார் 9,000 கட்டினேன். எவ்வளவு சீக்கிரம் விற்றாய் என்பதைப் பார்க்கிற வரி அது. லாபம் எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. அதை நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

33,000இல் 28,500 இரண்டு ஏலங்களில் சும்மா இருந்ததால் வந்தது. மிச்சம் 4,500. அதில் 3,500 சொல்லாமல் விட்ட கசிவு. என் உழைப்புக்கு என்று பிரித்துப் பார்த்தால் 1,000 வெள்ளி நிற்கிறது. உள்ளே பார்க்காமல் வாங்கிய ஆபத்துக்கும் ஒரு விலை உண்டு, அதையும் சேர்க்கத்தான் வேண்டும். ஆனாலும் வார இறுதியெல்லாம் சுவர் சுரண்டிச் சம்பாதித்தேன் என்று நண்பர்களிடம் நான் சொன்ன கதை இந்தக் கணக்கில் நிற்கவில்லை.

விற்ற மூன்றாவது மாதம் அந்தத் தம்பதியிடமிருந்து வாட்சாப்பில் ஒரு படம் வந்தது. சீலிங்கில் மஞ்சள் வட்டம். "அண்ணே, இது முன்னாடியே இருந்துச்சா?" அந்தப் பையன் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரியாது என்று எழுதினேன், அழித்தேன். பிறகு ஆமாம் என்று எழுதினேன். நிர்வாகத்திடம் புகார் கொடுத்து, மேல் வீட்டு உரிமையாளரைத் தேடிப்பிடித்து, 3,500ஐ நானே கட்டினேன். அந்தப் பெண் அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. அதில் அவளுக்கு நியாயம் இருக்கிறது. கேட்ட பிறகு சொன்ன உண்மைக்குப் பாதி மதிப்புதான்.

மற்றவர்கள் இந்தத் தொழிலைக் குறை சொல்லும்போது முதலில் சொல்வது, அடுத்தவன் கஷ்டத்தில் பிழைப்பது என்று. நானும் என் குற்றம் அக்காவிடம்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவரிடமிருந்து நான் எதையும் ஏமாற்றி எடுக்கவில்லை. கட்டாயம் ஒருவர் தோற்கும்படி அமைந்த ஓர் ஏற்பாட்டில் எனக்குக் கிடைத்த பக்கத்தில் நின்றேன். எந்த ஏலத்தில் கை தூக்க வேண்டும் என்ற கடமை எனக்கு இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. தம்பதியிடம் செய்தது அப்படியில்லை. அது முழுக்க நான் செய்தது. செய்யாமலும் இருந்திருக்கலாம்.

இதில் ஒன்றைத்தான் பணம் கட்டிச் சரிசெய்ய முடிந்தது. வீட்டில் என்ன பிழை இருந்தது, எதைச் சரிசெய்தேன், எதைச் செய்யவில்லை என்று படத்தோடு எழுதிக் கொடுக்காமல் இனி விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அது சுலபம். அந்த 16,500க்கு என்னிடம் விதி எதுவும் இல்லை. அதைக் கழிவு என்று மட்டும் இப்போது சொல்வதில்லை. அதற்கு அக்கா வைத்த பெயர் பாக்கி.

போன வாரம் நண்பன் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். காப்பாரில் ஒரு தரை வீடு, இரண்டாவது லெலோங். "இன்னும் ஒண்ணு விடு, இறங்கும்" என்று எழுதியிருந்தான். அந்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று அந்தப் பட்டியலில் இல்லை. நான் இன்னும் பதில் போடவில்லை.