பலகையில் அளக்கும் தகுதி

மேக் கணினிகளில் மென்பொருள்களை நிறுவ உதவும் ‘ஹோம்ப்ரூ’வை 2009-இல் உருவாக்கியவர் மேக்ஸ் ஹோவெல். 2015-இல் கூகுள் நேர்முகத் தேர்வில் அவர் தேறவில்லை. ‘பைனரி மரம்’ என்ற தரவு அமைப்பை இடம் வலமாகத் திருப்பும் கணக்கைப் பலகையில் போட முடியாததே காரணம் என்று ட்விட்டரில் குமுறினார். அங்குள்ள பொறியாளர்களில் பெரும்பாலோர் ஹோம்ப்ரூவைப் பயன்படுத்துபவர்கள் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

ஒருவரின் தகுதி எதில் இருக்கிறது? செய்து முடித்த வேலையிலா, பலகை முன் நிற்கும் அந்தச் சிறு பொழுதிலா?

நிராகரிக்கப்பட்டவருக்குப் பழைய ஞானம் ஒரு ஆறுதல் தருகிறது. அடிமையாகப் பிறந்த ஸ்டோயிக் ஞானி எபிக்டெட்டஸ், விருப்பமும் முயற்சியும் நம் வசம், புகழும் பதவியும் நம் வசமில்லை என்று பிரித்தார். கீதையும் கடமையில்தான் உரிமை, பலனில் இல்லை என்கிறது.

ஆனால் இந்த ஞானம் தேர்வு நடத்துபவர்களுக்குப் புகலிடம் ஆகாது. வேலை தேடுபவருக்குப் பற்றின்மை அறம் என்றால், தேர்ந்தெடுப்பவருக்கு நியாயமான அளவுகோல் அறம். கேட்கும் கேள்வி அந்த வேலைக்குத் தேவைதானா என்று அவர்கள் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.