மறைக்கப்பட்ட விளக்கு

வேளாங்கண்ணிக்குச் சென்ற வாடகை வேன் ஒன்றில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர நேர்ந்தபோது, டேஷ்போர்டில் வேகமானிக்கு அருகே ஆரோக்கிய அன்னையின் சிறு படம் ஒட்டப்பட்டிருக்கக் கண்டோம். பக்தி மிகுந்தவர் என்று உள்ளூர மகிழ்ந்தோம். இருட்டிய பின்னரே படத்தின் விளிம்பைச் சுற்றி மஞ்சள் ஒளி கசிவது தெரிந்தது. கேட்டதற்கு, "அது எப்பவும் எரியிறதுதான் சார். கண்ணை உறுத்துதுன்னு ஒட்டிட்டேன்" என்றார்.

எரிந்தது இன்ஜின் விளக்கு. எச்சரிக்கை விளக்குகளுக்கு நிறத்திலேயே ஒரு மொழி உண்டு. சிவப்பு என்றால் ஓரங்கட்டி உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் விரைவில் கவனிக்க வேண்டும். எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தால், உராயும் பாகங்களுக்கு எண்ணெய் போதிய அழுத்தத்தோடு செல்லவில்லை என்று பொருள். சில நிமிட அலட்சியம் இன்ஜினையே அழித்துவிடக்கூடும். மஞ்சளோ அவகாசம் தருகிறது. அவகாசம் தருவதைத்தான் நாம் அவமதிக்கிறோம்.

நூற்றுக்கணக்கான கோளாறுகளுக்கும் இன்ஜின் விளக்கு ஒன்றே. சில கார்களில் பெட்ரோல் மூடி சரியாக இறுகாவிட்டாலும் எரியும். பெரும் பழுதுக்கும் எரியும். ஆகவே அற்பக் காரணத்துக்காக எரியவிட்ட விளக்கு, நாளை பெரும் பழுது நேர்ந்தால் அதைச் சொல்ல இயலாது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பது புதிதாக எப்படி எரியும்? மனச்சான்றையும் நாம் இப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோமோ என்று ஐயுறுகிறோம்.

சாவியைத் திருப்பியதும் விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைவது அழகுக்காக அன்று. அவை உயிரோடிருப்பதைக் காட்டுவதற்காக. அவ்வேளையில் எரியாத விளக்கே அஞ்சத்தக்கது.

2019 ஜூலை முதல் நம் நாட்டின் புதிய கார்களில் முன்னிருக்கைகளுக்கு சீட் பெல்ட் நினைவூட்டி கட்டாயமாயிற்று. அணியாவிட்டால் விளக்கு எரியும், ஒலியும் எழும். அதை அடக்கவென்றே ஒரு வெறுங்கொக்கி விற்பனைக்கு வந்தது. பெல்ட் இல்லாமல் கொக்கியை மட்டும் செருகினால் கார் ஏமாந்துபோகும். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது; 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு இந்த அமைதி நமக்கு அருமையாகிவிட்டது!

கொக்கி செருகியவர் தம் உயிரோடு விளையாடுகிறார் என்றாவது சொல்லலாம். படம் ஒட்டியவரோ பன்னிரண்டு பேரைப் பின்னால் ஏற்றியிருந்தார். அவர்களுக்கு டேஷ்போர்டு தெரியாது. விளக்கு யாருக்காக எரிகிறது? பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பவருக்காக மட்டுமா?

அவரைப் பழிப்பதும் எளிதன்று. வண்டி பட்டறையில் நிற்கும் நாளுக்கு அவருக்குக் கூலி கிடையாது. உரிமையாளரிடம் இருமுறை சொல்லியும் பார்த்தாராம். "ஓடுற வரைக்கும் ஓட்டு" என்பதே பதில். அறிந்தவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் அந்த வண்டியில் பயணம் செய்வதில்லை. குற்றத்தை இப்படிப் பங்கிட்டுக்கொண்டே போனால் ஒருவர் கையிலும் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆனால் அன்றிரவு முதல் நாமும் அறிந்திருந்தோம். பின்னிருக்கைகளில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். மறுநாளே ஊர் திரும்பியாக வேண்டும். வேறு வண்டி பிடிப்பதென்றால் பணமும் அலைச்சலும். எல்லாரையும் வீணாகக் கலங்கச் செய்வானேன் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அச்சொற்கள் அன்பைப் போலவே ஒலித்தன.

காலைத் திருப்பலி முடிந்து வந்ததும் ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். விளக்குகள் யாவும் எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. படத்தின் விளிம்பில் மட்டும் மஞ்சள் நின்றது. நாம் முன்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம்.