முன்பணம் தந்தவர் எங்கே நிற்க வேண்டும்?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, தஞ்சாவூர் சாலை பிரிகிற விக்கிரவாண்டி போன்ற ஊர்களில், குடும்பமே நடத்தும் சிறு நிறுவனங்களை நம்பிப் பிழைப்பவர்கள் பலர். அங்கே சம்பளப் பிரிவு என்று தனியாக ஒன்று கிடையாது. முதலாளியின் மேசைதான் எல்லாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ தொழிலாளி அந்த மேசை முன் வந்து அட்வான்ஸ் கேட்கிறார். கொடுப்பது தர்மமா, கடனா, கடமையா என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்தே அந்த மனிதரை அடுத்த மாதம் எப்படி நடத்துவோம் என்பது அமையும். முன்பணம் கொடுப்பது நல்லது. ஆனால் கொடுத்த பணத்தின் மேல் மட்டுமே முதலாளிக்கு உரிமை உண்டு, வாங்கியவரின் உழைப்பின் மேலோ நடமாட்டத்தின் மேலோ கிடையாது என்பதே என் முடிவு.

முதலில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தரலாம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. அப்படியானால் ஒன்றாம் தேதி செய்த வேலைக்குக் கூலி வர ஐந்து வாரம்கூட ஆகலாம். அதுவரை தொழிலாளிதான் முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார். இருபதாம் தேதி வந்து, உழைத்து முடித்த நாட்களுக்குள் அடங்கும் தொகையைக் கேட்பவர் தன் பணத்தைத்தான் கேட்கிறார். வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்ற நபிமொழியும், ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடச் சொல்லும் விவிலியத்தின் உபாகமம் நூலும் இந்த நியாயத்தையே பேசுகின்றன. இந்த அளவு வரை முன்பணம் கொடுப்பது தயவு ஆகாது.

இனி உழைக்கப்போகும் நாட்களுக்கும் சேர்த்துக் கேட்டால் அது கடன். அதையும் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. திரும்ப வருவதை எதிர்பார்த்துத் தருவதை ஈகை என்று வள்ளுவர் ஒப்புவதில்லை. எனவே நன்றிக்கடன் என்ற பெயரில் கூடுதல் வேலையோ வாய்மூடி இருத்தலோ கேட்க இடமில்லை. கூலியைத் தாமதிக்காதே என்று சொல்லும் உபாகமத்தின் அதே 24-ஆம் அதிகாரம், கடன் கொடுத்தவன் அடகுப் பொருள் எடுக்க வாங்கியவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியிலேயே நிற்க வேண்டும் என்கிறது. பிழைப்புக்கான திரிகைக் கல்லை அடகாக வாங்குவதையும் தடுக்கிறது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. திருப்பித் தர முடியாதவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும் சொல்கிறது. கடனுக்கும் உயிருக்கும் நடுவே ஒரு வரம்பு வேண்டும் என்பதில் இந்த மரபுகள் ஒன்றுபடுகின்றன.

வரம்பு அழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. கூலி வாங்கிவிட்டு வேலை செய்யாதவனுக்கு 12 பணம் அபராதம், வேலை முடியும்வரை பிடித்தும் வைக்கலாம் என்றது அர்த்தசாஸ்திரம். அந்த எண்ணம் இன்னும் சாகவில்லை. மழைக்காலத்தில் வேலையில்லாத இருளர் குடும்பம் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்குகிறது. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கல் அறுத்தும் கணக்கு முடிவதில்லை. ஊருக்குப் போகவும் சூளைக்காரரின் அனுமதி தேவைப்படுகிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இத்தகைய கொத்தடிமைத்தனத்தோடு நெடுங்காலம் போராடி வருகிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாததாக்கியது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பையும் கடன் கொடுத்தவர் மேல் வைத்தது. வறுமையின் நெருக்கடியும் கட்டாயம்தான் என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறையைச் சூளையோடு ஒப்பிடலாமா, பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் வராமல் போனால் சிறு முதலாளி என்ன செய்வார் என்று கேட்பார்கள். நியாயமான கவலைதான். அதற்கு வழி, இழக்கத் தாங்கும் அளவுக்கு மட்டும் கடன் கொடுப்பதும், தொகையையும் மாதத் தவணையையும் எழுதி இருவரும் ஒரு படி வைத்துக்கொள்வதும்தான். பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தாலும் பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதற்கு மேலும் நட்டம் வந்தால் அது தொழிலின் நட்டம். சரக்கு வாங்கிய வியாபாரி ஏமாற்றினால் அவரை யாரும் கடையில் பூட்டி வைப்பதில்லை. ஒரே குடும்பமாகப் பழகுகிறோம், எழுத்து எதற்கு என்பது இன்னொரு வாதம். குடும்பம் என்று சொல்லும் இடத்தில்தான் தொழிலாளி கணக்குக் கேட்கக் கூசுகிறார். லாபத்தில் பங்கோ சொத்தில் உரிமையோ இல்லாதவருக்கு உறவின் கடமைகளை மட்டும் சுமத்துவது அநீதி. குடித்தே அழித்துவிடுவான் என்று மறுப்பவரும் உண்டு. உழைத்த கூலியை எப்படிச் செலவழிப்பது என்பது உழைத்தவரின் பொறுப்பு.

ஆகவே உழைத்த நாட்களின் கூலியைக் கேட்ட அன்றே காரணம் கேட்காமல் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் தருவதை வட்டியில்லாமல், எழுத்தில், சிறு தவணைகளில் தர வேண்டும். பாக்கி இருக்கும்போதே அவர் வேறு வேலைக்குப் போக நினைத்தால் தடுக்காமல், மீதியைச் சாதாரணக் கடனாகவே வசூலிக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு மனம் ஒப்பாத முதலாளி முன்பணமே கொடுக்காமல் இருப்பது மேல். ஏனென்றால் அவர் தர நினைப்பது பணத்தை அல்ல, ஒரு மனிதருக்கான விலையை.