பாலையில் இரு வண்டிகள்

குறைந்த பொருள்களுடன் வாழ்வதே எளிமையா? அல்லது அந்தக் குறைவை மனம் ஏற்கும் விதத்தில்தான் எளிமை இருக்கிறதா? பழமையான இக்கேள்விக்கு அமெரிக்காவின் பாலைவெளி ஒன்று ஆண்டுதோறும் புதிய உருவம் தந்துவருகிறது.

அரிசோனா மாநிலத்தின் மேற்கில், சொனோரன் பாலைவனத்தில் குவார்ட்சைட் என்னும் சிற்றூர் உள்ளது. 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு நிலையாக வாழ்வோர் ஏறத்தாழ 2,400 பேர். கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஊர் ஓய்ந்து கிடக்கும். வட மாநிலங்களையும் கனடாவையும் பனி மூடத் தொடங்கியதும் காட்சி மாறுகிறது. படுக்கை, அடுப்பு, கழிவறை அனைத்தையும் தம்முள் அடக்கிய ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகள் பல்லாயிரக்கணக்கில் தெற்கு நோக்கி வருகின்றன. அவற்றில் வருவோரைப் 'பனிப் பறவைகள்' என்று அழைப்பது வழக்கம். அவர்களுள் பலர் பணி ஓய்வு பெற்ற தம்பதியர்.

மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை 1983 ஆம் ஆண்டில் இத்தகையோருக்காக நீண்டகாலத் தங்கலிடங்களை ஏற்படுத்தியது. கட்டணம் செலுத்தி அனுமதி பெற்றவர்கள் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதங்கள் அங்குத் தங்கலாம். கட்டணமில்லாத பொது நிலங்களிலோ பொதுவாக 14 நாட்களே அனுமதி. பின்னர் வேறிடம் நோக்கி நகர்ந்தாக வேண்டும்.

அங்கு வந்து சேரும் ஒரு முதிய தம்பதியரை எண்ணிப் பார்க்கலாம். வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இல்லை, குழாய் இல்லை, சாக்கடையும் இல்லை. கூரை மேலுள்ள சூரியத் தகடு தருவதே மின்சாரம். தொட்டியில் உள்ள 150 லிட்டரோ 200 லிட்டரோதான் தண்ணீர். அது தீர்ந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிரப்பிவர வேண்டும். கழிவுத் தொட்டி நிறைந்தால் அதையும் தாமே கொண்டுபோய் உரிய இடத்தில் காலிசெய்ய வேண்டும். வாழ்நாள் முழுவதும் கண்ணில் படாமல் எங்கோ ஓடி மறைந்தது, இங்குத் தம் கைகளாலேயே அகற்ற வேண்டிய ஒன்றாகிறது. பாத்திரம் கழுவ ஒரு குவளை நீர் போதும் என்பதை அவர்கள் சில நாட்களிலேயே கற்றுக்கொள்கிறார்கள். பத்தடி அறைக்குள் இருவர் நாள் முழுதும் வாழ்வதற்குத் தேவையான பொறுமையையும் மெல்லக் கற்கிறார்கள்.

இது நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் விவேகம் ஒரு கேள்வியை எழுப்புகிறது. அங்கே அடங்கியிருப்பது மனமா, தொட்டியின் கொள்ளளவா? ஏப்ரலில் வீடு திரும்பியதும் குழாய் முன்போலவே தாராளமாகத் திறக்கப்படுமானால், பாலையில் இருந்தது கட்டுப்பாடு. அது வைராக்கியமாக இன்னும் கனியவில்லை. எளிமையின் சோதனை இல்லாத இடத்தில் நிகழ்வதில்லை. இருக்கும் இடத்தில்தான் நிகழ்கிறது.

இதைவிடக் கடுமையான கேள்வி ஒன்றும் உண்டு. அத்தம்பதியர் நிற்கும் இடத்திலிருந்து சற்றுத் தொலைவில், கட்டணமில்லாத நிலத்தில், பழைய வண்டி ஒன்றில் ஒரு மூதாட்டி தனியே இருப்பதாகக் கொள்ளலாம். அவரும் தண்ணீரை அளந்தே செலவிடுகிறார். அவருடைய உடைமைகளும் ஒரு வண்டிக்குள் அடங்கிவிட்டன. ஆனால், 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் வீட்டை இழந்தவர் அவர். ஏப்ரல் வந்தால் திரும்பிச் செல்ல அவருக்கு வீடு இல்லை. வேலை தேடிப் போகும் அடுத்த ஊர்தான் உண்டு. இது வெறும் கற்பனையன்று. முகாம்களிலும் கிடங்குகளிலும் சர்க்கரைக் கிழங்கு வயல்களிலும் பருவகால வேலை செய்தபடி வண்டிகளிலேயே வாழும் இத்தகைய முதியோரைப் பற்றி ஜெசிகா ப்ரூடர் 2017 ஆம் ஆண்டில் 'நோமட்லேண்ட்' என்னும் நூலை எழுதினார். 2020 ஆம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்தது.

வெளிப்பார்வைக்கு இரு வண்டிகளிலும் நடப்பது ஒன்றே. அதே ஒரு குவளை நீர், அதே சிறு அடுப்பு, உறைநிலையை நெருங்கும் அதே பாலை இரவு. ஆயினும் ஒன்று துறப்பு, மற்றொன்று இழப்பு. தன்னிடம் இருந்ததை விடுபவனே துறக்கிறான். பறிக்கப்பட்டவன் துறந்தவன் ஆகான். பொருளின் அளவில் அவ்விருவருக்கும் வேறுபாடு இல்லை. திரும்பிச் செல்லும் வழி திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

அப்படியானால் தம்பதியர் செய்வது தவறா? இல்லை. நெடுங்காலம் உழைத்தவர்கள் முதுமையில் குளிரை விட்டு வெயிலை நாடுவதில் குற்றம் ஏதுமில்லை. குற்றம் தொடங்குமிடம் வேறு. 'இவ்வளவு குறைவாக நாங்கள் மகிழ்ச்சியுடன் வாழவில்லையா? மற்றவர்களுக்கு ஏன் முடியாது?' என்ற எண்ணம் எழும் கணமே அது. தானே தேர்ந்துகொண்ட குறைவை அளவுகோலாக்கி, பிறர் மீது சுமத்தப்பட்ட குறைவை அளப்பது மிக நுட்பமான அகந்தை. செல்வத்தின் அகந்தையைக் கண்டறிவது எளிது. எளிமையின் அகந்தையோ பணிவின் ஆடையில் வரும்.

அதே அனுபவம் வேறு விதமாகவும் பயன்பட முடியும். இருபது லிட்டர் நீர் எத்தனை நாள் வரும் என்பதைத் தன் கையால் அறிந்தவர், அடுத்த வண்டியின் தொட்டி எப்போது வற்றும் என்பதையும் கேளாமலே அறிவார். தமக்கு நிரப்பச் செல்லும்போது இன்னொரு குடத்தையும் எடுத்துச் செல்வார். அதை உபகாரம் என்று எண்ணமாட்டார். தாமும் ஒருநாள் வண்டி ஓட்ட இயலாமல் பிறர் கையை எதிர்பார்க்க நேரும் என்பதை முதுமை அவருக்கு நினைவூட்டும். விரும்பி ஏற்ற எளிமை, விரும்பாத வறுமையைப் புரிந்துகொள்ளும் கண்ணாக மாறும்போதே அறமாகிறது. மாறாதவரை அது ஒரு நல்ல விடுமுறை மட்டுமே.

அப்பாலையின் அடையாளமாக விளங்குவது சகுவாரோ என்னும் பெருங்கள்ளி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. எவர் துணையும் வேண்டாததுபோல் வானோக்கித் தனித்து நிற்பது. ஆனால் அது இளங்கன்றாக இருந்தபோது, கடும் வெயிலிலும் குளிரிலும் பட்டுப்போகாமல் அதைக் காத்தது பெரும்பாலும் வேறொரு மரத்தின் நிழலே. குறைந்த நீரில் வாழும் அதன் ஆற்றல் உண்மை. அந்த நிழலும் உண்மை. தன் எளிமையைத் தானே ஈட்டியதாக எண்ணும் மனம், அதன் அடியில் சற்று நேரம் அமர்ந்திருக்கலாம்.