கோட்டுக்கு இந்தப் பக்கம்

சியோன் சோனோ 2012-இல் எடுத்த ஜப்பானியப் படம் 'தி லேண்ட் ஆஃப் ஹோப்'. அதில் அணு உலை வெடித்த பிறகு, பாதுகாப்பு உடை அணிந்த ஆட்கள் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் வந்து குச்சி நட்டு நாடா கட்டுகிறார்கள். உலையிலிருந்து 20 கிலோமீட்டர் என்ற தூரம் சரியாக அந்தத் தோட்டத்துக்குள் வந்து முடிகிறது. நாடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்டை வீட்டுக்காரர்கள் உடனே கிளம்ப வேண்டும். இந்தப் பக்கம் இருக்கும் ஓனோ குடும்பம் இருந்துகொள்ளலாம். ஒரே தோட்டத்தில் சில செடிகள் ஆபத்தானவை, சில செடிகள் பாதுகாப்பானவை. காற்றுக்கு மட்டும் இந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

'செர்னோபில்' தொடரை (2019) நம்மில் நிறையப் பேர் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து பார்த்திருப்போம். அதன் ஐந்து எபிசோடுகளில் பெரும்பகுதி உலையையும் பொய்யையும் விசாரணையையும் பற்றியது. ஆனாலும் மனதில் தங்கிவிடுவது நாலாவது எபிசோடின் தொடக்கம். ஒரு பாட்டி பால் கறந்துகொண்டிருக்கிறாள். கிளம்பச் சொல்லி ஓர் இளம் சிப்பாய் நிற்கிறான். புரட்சி, பஞ்சம், போர் என்று எல்லாம் வந்தபோதும் போகாதவள், கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காக இப்போது ஏன் போகணும் என்பது அவள் வாதம். அவன் பாலைக் கொட்டுகிறான். அவள் மறுபடி கறக்கிறாள். அவன் பசுவைச் சுடுகிறான். சோனோவின் படம் அந்த ஒரு காட்சிக்குள்ளேயே இரண்டு மணி நேரம் தங்கிவிட்ட மாதிரி இருக்கும்.

குடும்பத் தலைவர் யசுஹிகோ மாடு வளர்ப்பவர். மனைவி சியெகோவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போலாம்" என்று கேட்டுக்கொண்டிருப்பவர். மகன் யோய்ச்சியையும் மருமகள் இசுமியையும் யசுஹிகோ பிடிவாதமாக வெளியே அனுப்பிவிடுகிறார். தான் மட்டும் போக மாட்டேன் என்கிறார். அரசு முதலில் இருக்கலாம் என்கிறது, பிறகு கிளம்பு என்கிறது. அவர் இரண்டையும் காதில் வாங்குவதில்லை.

அவர் செய்வது சரியா? அவரை அப்படியே விட்டுவிடுவது சரியா?

முதலில் அந்த 20 என்ற எண்ணைப் பார்ப்போம். படத்தின் ஊர் கற்பனை. ஆனால் எண் ஃபுகுஷிமாவிலிருந்து வந்தது. 2011 மார்ச் 11 மதியம் நிலநடுக்கம், பிறகு சுனாமி. அன்று இரவு 2 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியேற உத்தரவு வந்தது. சற்று நேரத்தில் அது 3 ஆனது. மறுநாள் விடிகாலை 10. மறுநாள் மாலை 20. நான்கு எண்களும் 24 மணி நேரத்துக்குள் வந்தவை. யாரையும் இதில் குறை சொல்ல முடியாது, தகவல் கிடைக்காத நேரத்தில் எதையாவது முடிவு செய்துதான் ஆகணும். ஆனால் கதிரியக்கம் வட்டமாகப் பரவவில்லை. காற்றோடும் மழையோடும் வடமேற்கே போய், 30 கிலோமீட்டருக்கும் அப்பால் விரிந்து கிடந்த இடாத்தே கிராமத்தின் மேல் படிந்தது. அந்த ஊரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது ஏப்ரலில்தான்.

பிழைப்புக்காக நானும் எல்லை எண்களை எழுதுகிறவன். இவ்வளவுக்கு மேல் போனால் எச்சரிக்கை, இவ்வளவுக்குக் கீழே இருந்தால் சும்மா விடு என்று நிரலில் ஒரு எண்ணைப் போட்டாக வேண்டும். போடாமல் எந்த அமைப்பும் ஓடாது. போடும்போது அது ஒரு ஊகம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதம் போனால் அது ஏன் 20, ஏன் 25 இல்லை என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் எடுத்த முடிவு மெல்ல மெல்ல இயற்கை விதி மாதிரி ஆகிவிடும். என் வேலையில் இதனால் ஒரு எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கும், அவ்வளவுதான். தோட்டத்தில் நட்ட குச்சிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அப்படி இல்லை.

எங்கள் ஊருக்கும் ஒரு கோடு வந்தது. 2004 டிசம்பர் 26 காலை வந்த அலை அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி என்று ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே இன்றைக்கும் பேச்சு நின்றுவிடும். அதே அலை வடக்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குள்ளும் புகுந்தது. நீரேற்று நிலையத்தில் கடல்நீர் ஏறியது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டு, ஒரு வாரத்தில் மறுபடி இயங்கியது. பக்கத்து ஊழியர் குடியிருப்பில் மனிதர்கள் இறந்தார்கள். தண்ணீர் உள்ளே வந்தால் என்ன செய்வது என்று இயந்திரத்துக்கு முன்னாலேயே யோசித்து வைத்திருந்தோம். மனிதர்களுக்கு யோசித்து வைக்கவில்லை. இது பொறியாளர்களைப் பழிக்கும் வாக்கியம் இல்லை. எதைக் காப்பாற்ற வேண்டிய பட்டியலில் முதலில் எழுதுகிறோம் என்பதைப் பற்றியது.

மனிதர்களுக்கான கோடு 2005 மார்ச்சில் வந்தது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்களுக்கு அரசாணை ஒரு தேர்வைக் கொடுத்தது. கோட்டுக்கு வெளியே போனால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்புள்ள புது வீடு இலவசம். போகாவிட்டால் இருந்த இடத்திலேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. நோக்கத்தைச் சந்தேகிக்க ஒன்றும் இல்லை, இன்னொரு அலை வந்தால் இவர்கள் சாகக் கூடாது என்பதுதான். என் பள்ளித் தோழன் ஒருவனின் குடும்பம் உள்ளே போய்ப் புது வீட்டில் குடியேறியது. கான்கிரீட் வீடு, தளம் போட்ட கூரை. அவன் அப்பா மட்டும் பாதி ராத்திரிகளில் கரைக்குப் போய்ப் படகுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

"அங்க கடல் சத்தம் கேக்கல தம்பி. சத்தம் கேக்காம, இன்னிக்குப் போலாமா வேணாமான்னு நான் எப்படி முடிவு பண்றது?"

இன்ஜினும் வலையும் திருடு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கவலையும் இருந்தது. ஆனால் அவர் முதலில் சொன்னது சத்தத்தைத்தான். அலையால் மகளைப் பறிகொடுத்தவர் அவர். கடலின் ஆபத்தை அவருக்கு நாம் எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டு, மண்ணை நேசிக்கிறவர்களை விட்டுவிடுங்கள் என்று முடித்துவிடலாம். சுலபமான முடிவு, ஆனால் நேர்மையான முடிவு இல்லை. 1986 ஏப்ரல் 26 அதிகாலை செர்னோபில் வெடித்தது. பக்கத்து நகரமான பிரிப்யாத்தைக் காலி செய்ய ஏறத்தாழ 36 மணி நேரம் ஆனது. அந்தச் சனிக்கிழமை குழந்தைகள் தெருவில் விளையாடினார்கள். கோட்டைத் தாமதமாகப் போடுவதன் விலை அது. மறுபக்கம், ஃபுகுஷிமாவில் அவசரமாக நகர்த்தியதன் விலையும் நமக்குத் தெரியும். ஃபுதாபா மருத்துவமனையிலும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்திலும் இருந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றத்தின்போதும் அதன் பின்னும் இறந்தார்கள். பேரிடரின் தொடர்விளைவாக, இடம்பெயர்ந்த அலைச்சலாலும் மனமுறிவாலும் நேர்ந்த மரணங்கள் என்று ஃபுகுஷிமா மாநிலத்தில் அங்கீகரிக்கப்பட்டவை 2,300-க்கும் அதிகம். அந்த மாநிலத்தில் நிலநடுக்கமும் அலையும் நேரடியாகக் கொன்றவர்களைவிட இது கூடுதல். இருந்தாலும் சாகலாம், போனாலும் சாகலாம் என்றால், உயிரைக் காப்பாற்றத்தான் சொல்கிறோம் என்ற ஒரே வாதம் போதாது.

யசுஹிகோவின் வாதமும் போதாது. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். மாடுகளைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்ததும் அவரே அவற்றைச் சுடுகிறார். பிறகு மனைவியை அணைத்துக்கொண்டு அவரையும் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொள்கிறார். படம் இதைப் பெருங்காதலாகக் காட்டுகிறது. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் சியெகோவை யாராவது கேட்டார்களா? அவர் கேட்டதெல்லாம் வீட்டுக்குப் போலாம் என்பது மட்டும்தான். தனக்குப் பதிலாக அரசு முடிவெடுப்பதை எதிர்த்த மனிதர், மனைவிக்குப் பதிலாகத் தான் முடிவெடுக்கிறார். அன்பால்தான். அரசும் அக்கறையால்தான் என்று சொல்லும். இருப்பதற்கான உரிமை பேசுகிறவர், தன் கையைப் பிடித்துக்கொண்டு கூட இருப்பவர்களின் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

சரி, அப்போ யார்தான் முடிவெடுப்பது?

கோடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கோட்டைப் போடுகிறவருக்கு அதோடு வேலை முடிவதில்லை என்பதுதான் எனக்கு இதில் கிடைத்தது. இரண்டு பக்கமும் வாழ முடிந்தால் மட்டுமே அது தேர்வு. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் கைவிடல் என்றால் அது தேர்வு போலத் தெரியும் உத்தரவு. போகிறவருக்கு வீடு கொடுத்தால் மட்டும் போதாது, பிழைப்புக்கும் வழி வேண்டும். மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடுதல் தூரம் போகும் பெண்ணின் ஆட்டோ காசு உட்பட. இருக்கிறேன் என்கிறவருக்கு, ஆபத்து என்ன என்ற உண்மைக் கணக்கையும், மனம் மாறினால் வந்து கூட்டிப்போகும் வண்டியையும் தர வேண்டும். கருவுற்ற இசுமிக்கும் எழுபது வயதுக்காரருக்கும் ஒரே கதிரியக்கம் ஒரே ஆபத்து இல்லை. ஒரே எண்ணை இருவர் மேலும் போடுவது நிர்வாகத்துக்கு வசதி. அதை நியாயம் என்று அழைக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் ஜப்பான் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. நம் நாட்டில் அணு உலைகளைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு ஓர் அவசரகாலத் திட்ட வட்டம் உண்டு. கூடங்குளத்தில் அந்த வட்டத்துக்குள்தான் இடிந்தகரை இருக்கிறது. ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்த சில மாதங்களில், 2011 செப்டம்பரில், அந்த ஊர் மக்கள் பட்டினிப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் உலை இயங்கத் தடையில்லை என்றது, அதே ஆண்டு உலை இயங்கத் தொடங்கியது. உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் அன்று அவர்களைப் பயந்தவர்கள், விவரம் தெரியாதவர்கள் என்று பேசியது நினைவிருக்கிறது. எனக்குத் தெரிந்து அவர்கள் கேட்டது மிகத் தெளிவான கேள்வி: ஓடச் சொன்னால் எங்கே ஓடுவது, ஓடின இடத்தில் கடல் இருக்குமா?

யசுஹிகோவின் வீட்டில் குச்சி நட்ட அன்று யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. விபத்து நடந்த பிறகு கேட்க நேரமும் இருக்காது. கேட்க நேரம் இருப்பது உலை அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண நாட்களில்தான். இன்றைக்கு மாதிரி ஒரு நாளில்.